கூட்டு வயது: தத்தெடுப்பின் வரலாறும் முதிய பெற்றோரும்

1

'தத்து' என்கிற சொல்லுக்குள் ஒரு கொடுப்பவர் நிற்கிறார். சமஸ்கிருதத்தில் 'தத்த' என்றால் கொடுக்கப்பட்டது. 'சுவீகாரம்' என்று சொன்னால் எடுத்துக்கொள்கிறவர் முன்னுக்கு வருகிறார். தனதாக்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். கொடுக்கல், வாங்கல் இரண்டிலும் குழந்தை வெறும் செயப்படுபொருள். ஊர்ப்பேச்சில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 'எடுத்து வளர்க்கிறது'. எடுப்பது ஒரு நாளில் முடிந்துவிடும். வளர்ப்பதற்கு இருபது வருஷம் வேண்டும். முதல் இரண்டு சொற்களுக்கும் சாஸ்திரம் உண்டு, வழக்கு உண்டு, சட்டம் உண்டு, ஆவணக் காப்பகம் உண்டு. மூன்றாவதற்கு அப்படி எதுவும் கிடையாது. தத்தெடுப்பின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் அந்த முதல் இரண்டு சொற்களின் வரலாறுதான்.

வயதானவர்கள் சிறு குழந்தைகளை எடுத்து வளர்ப்பது குறித்து இங்கே பேச நினைக்கிறேன். இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னுடைய 51ஆவது வயதில், என் மனைவியின் 46ஆவது வயதில், நாங்கள் ஒரு குழந்தைக்காகப் பதிவு செய்துகொண்டோம். ஆகவே இது விலகி நின்று எழுதப்படும் ஆய்வு அல்ல. குடும்பம் பற்றிய எழுத்தில் அப்படி விலகி நிற்க யாருக்காவது முடிகிறதா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

2

தர்மசாஸ்திரப் பிரதிகளை இன்றைய கண்ணோடு வாசிக்கும்போது ஒரு விஷயம் துருத்திக்கொண்டு தெரிகிறது. அங்கே தத்தெடுப்பு குழந்தைக்காக அல்ல, சாகப்போகிறவனுக்காக. 'புத்' என்னும் நரகத்திலிருந்து கரையேற்றுகிறவன் புத்திரன். பிண்டம் போட ஆள் வேண்டும், குடும்பப் பெயர் நிற்க வேண்டும், சொத்து வெளியே போகக் கூடாது. இந்த மூன்று கவலையும் இளைஞனுக்கு வருகிற கவலைகள் அல்ல. காத்திருந்து காத்திருந்து, இனிமேல் பிறக்காது என்று நிச்சயமான பிறகு, பெரும்பாலும் தலை நரைத்த பிறகுதான் ஒருவன் அடுத்தவன் மகனைத் தேடிப் போனான். முதிய தகப்பன் என்பது அந்த அமைப்பில் விதிவிலக்கே அல்ல. அவனை மனதில் வைத்துத்தான் அந்த அமைப்பே கட்டப்பட்டிருக்கிறது.

மனு பன்னிரண்டு வகைப் புத்திரர்களைப் பட்டியலிடுகிறார். அவர்களில் ஒருவன் 'அபவித்தன்': பெற்றவர்களால் கைவிடப்பட்டு, இன்னொருவரால் எடுத்துக்கொள்ளப்பட்டவன். பின்னால் வந்த உரைகாரர்கள் கலியுகத்துக்கு இவையெல்லாம் ஆகாது என்று சொல்லி, சொந்த மகனையும் தத்தனையும் மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களைக் கழித்துவிட்டார்கள். மிதிலைப் பகுதியில் மட்டும் 'கிருத்திரிமன்' என்றொரு வகை தங்கியது. இந்தக் கழித்தலின் விளைவு பயங்கரமானது. தத்தன் என்றால் தாயோ தகப்பனோ கொடுத்தவன். அனாதைக்குக் கொடுப்பார் யார்? ஆக, அனாதையைத் தத்தெடுக்க முடியாது! எந்தக் குழந்தைக்கு வீடு மிகவும் தேவையோ அந்தக் குழந்தை வாசலிலேயே நிறுத்தப்பட்டது. ஏதாவது சாதி வழக்கம் இடம் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

பெண் குழந்தை பற்றிப் பேச்சே இல்லை. பிண்டம் போடாதவளை எதற்காக எடுப்பது? ஆண் பிள்ளையிலும் நிபந்தனை உண்டு. அவன் சொந்த மகனின் சாயலாக இருக்க வேண்டும். நந்த பண்டிதர் இதை இழுத்துக்கொண்டுபோய், எந்தப் பெண்ணை இவன் மணந்திருக்கச் சாஸ்திரம் அனுமதிக்குமோ அவள் பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்று நிறுத்தினார். அதாவது, நடக்காத ஓர் உடலுறவை நடந்ததாகப் பாவித்துக்கொள்வதற்குத் தோதான குழந்தை வேண்டும். அக்காள் மகன் ஆகாது, மகள் வயிற்றுப் பேரன் ஆகாது. சூத்திரர்களுக்கு இந்தத் தடை இல்லை. தென்னாட்டுப் பிராமணர்களோ வழக்கம் என்ற பேரில் அக்காள் மகனையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரதி ஒரு பக்கம் கிடக்க, வாழ்க்கை தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

3

காலனியம் வந்து இந்தப் போக்கைப் பிடித்து நிறுத்தியது. 'தத்தக மீமாம்சை', 'தத்தக சந்திரிகை' இரண்டையும் சதர்லாண்ட் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1821இல் வெளியிட்டார். நூறு உரைகளில் ஒன்றாக இருந்தவை நீதிமன்ற மேசையில் சட்டப் புத்தகங்களாயின. பண்டிதர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தது வெள்ளை நீதிபதிக்குத் தீர்ந்த முடிவாயிற்று.

தத்து என்கிற விவகாரம் கம்பெனிக்கு லாபகரமானது என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. டல்ஹவுசியின் 'வாரிசற்ற நாடு' கொள்கையில் சதாரா 1848இல் போயிற்று. ஜான்சியின் கங்காதர ராவ் 1853 நவம்பர் 20 அன்று, இறப்பதற்கு முதல் நாள், ஐந்து வயதுப் பிள்ளை ஒருவனைத் தத்தெடுத்தார். கம்பெனி அந்தத் தத்தை ஏற்கவில்லை. மரணப்படுக்கையில் எடுத்த பிள்ளை தகப்பனுக்குக் கொள்ளி வைக்கலாம், நாட்டை ஆள முடியாது என்பதுதான் தீர்ப்பு. தஞ்சாவூரில் 1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது அரசே முடிந்தது. ராணி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1859இல் தள்ளுபடியானது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. கானிங் 1862இல் சமஸ்தானாதிபதிகளுக்குத் தத்தெடுக்கும் உரிமையைச் சாசனமாகவே எழுதிக் கொடுத்தார். சாஸ்திரம் மாறவில்லை, கணக்கு மாறியது.

நமக்கு இன்னும் நெருக்கமானது ராமநாதபுரம் வழக்கு. கணவர் அனுமதி கொடுத்துவிட்டுப் போகாத நிலையில் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் தத்தெடுத்த முத்துராமலிங்க சேதுபதிக்கு ஜமீனில் உரிமை உண்டா? கூடாது என்று வழக்காடியவர் மதுரைக் கலெக்டர். தத்து செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்கு வந்துவிடும். 1868இல் பிரிவி கவுன்சில் தத்து செல்லும் என்று தீர்ப்பளித்தது. திராவிட தேசத்தில் கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சட்டப் பிரதியைவிட மேலானது. வழக்கம் பிரதியை மிஞ்சும் என்கிற அந்தக் கோட்பாட்டைச் சட்டக்கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பை வெறும் வெற்றிக்கதையாக வாசிக்க முடியாது. பங்காளிகளின் சம்மதம் என்பது பெண்ணின் முடிவை ஆண்கள் காவல் காக்கும் ஏற்பாடு. அதைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமல்ல. ஆனால் அதற்குள் வேறொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. ஒரு குழந்தை வீட்டுக்குள் வருவது இரண்டு பேருடைய காரியம் மட்டுமல்ல, சுற்றியிருக்கிறவர்களும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற எண்ணம் அது. சொத்துக்காகப் போட்ட கையெழுத்துதான். வளர்ப்புக்காக அப்படி ஒரு கையெழுத்து கேட்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் பின்னால் யோசிக்கலாம்.

4

சாஸ்திரத்துக்கு வெளியே என்ன நடந்தது?

தேவதாசிக் குடும்பங்களில் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். ஆடிப் பாடும் காலம் முடிந்த, வயதான ஒருத்தி சிறு பெண்ணை எடுத்து, பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து, தன் முதுமைக்கு ஊன்றுகோலாக ஆக்கிக்கொள்வாள். சொத்து பெண்வழியில் இறங்கியது. பிராமணியப் பிரதி எதை முடியாது என்றதோ (பெண்ணை எடுப்பது, ஆணில்லாமல் எடுப்பது, வம்சத்தைப் பெண்ணிடம் ஒப்படைப்பது) அது கோயில் தெருவில் சாதாரணமாக நடந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 372, 373 பிரிவுகள் மூலம் சிறுமிகளை விபசாரத்துக்காகக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. பம்பாய் உயர்நீதிமன்றம் 1880இல் நாயகினிகளின் தத்தை ஏற்க மறுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 1888இல் சற்றே வேறு வழி போனது: விபசாரத்துக்காக அல்ல என்றால் தாசி எடுத்த பெண்ணின் தத்து வழக்கப்படி செல்லும்.

இதைக் கொண்டாட்டமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுக்கப்பட்ட அந்தச் சிறுமியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. டோனாவூரில் ஏமி கார்மைக்கேலும், 1930களில் அவ்வை இல்லத்தைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டியும் அந்தச் சிறுமிகளின் பக்கம் நின்றுதான் பேசினார்கள். 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஆனால் சீர்திருத்தச் சொல்லாடலில் ஒன்று தொலைந்துபோனது. கிழவி ஒருத்தியும் சிறுமி ஒருத்தியும் சேர்ந்து, ஆணில்லாமல், ஒரு குடும்பமாக இருக்க முடியும் என்கிற சாத்தியப்பாடு குற்றத்தோடு சேர்த்தே துடைக்கப்பட்டது.

பக்தி மரபின் கதைகளிலும் இது இருக்கிறது. திருவில்லிபுத்தூர்த் துளசிவனத்தில் கிடந்த குழந்தையை விஷ்ணுசித்தர் எடுத்து வளர்த்தார், அவள் ஆண்டாள். தர்மசாஸ்திரக் கணக்கில் அந்தத் தத்து எந்த வகையிலும் தேறாது. கொடுத்தவர் யாருமில்லை, குழந்தை பெண், எடுத்தவர் பூமாலை கட்டுகிறவர். நரசிங்க முனையரையர் சுந்தரரைப் பெற்றவர்களிடம் கேட்டு வாங்கி வளர்த்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த உறவுக்கு 'அபிமான புத்திரன்' என்று பெயர். பிண்டத்துக்கான மகன் அல்லன், அபிமானத்துக்கான மகன். எவ்வளவு நல்ல சொல்! எந்தச் சட்டப் புத்தகத்திலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

ஊரில் வேறு மாதிரி. அடுத்தடுத்துக் குழந்தைகள் செத்துப்போன வீட்டில் பிறந்ததை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிச்சை, குப்பம்மாள் என்று பேர் வைப்பார்கள். எமன் ஏமாந்துபோவானாம். இன்றைக்கும் சேட்டை பண்ணுகிற பிள்ளையை 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று சீண்டுவது இதன் மிச்சம். பெற்றவளே தன் பிள்ளையை வளர்ப்புப் பிள்ளையாக்கிக் காப்பாற்றுகிற சடங்கு அது. இரத்தம் கைவிடும் இடத்தில் வளர்ப்பு காப்பாற்றும் என்று நம்பியவர்களின் சடங்கு. அதுவே பின்னால் கேலியாகத் தேய்ந்தது.

என் பெரியம்மா ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், தங்கை இறந்ததும் தங்கையின் இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சடங்கும் கிடையாது, பத்திரமும் கிடையாது. ரேஷன் கார்டில் பேர் ஏறியது, அவ்வளவுதான். 'இந்த வயசுல எதுக்கு உனக்கு இது?' என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்: 'வயசுக்கா சோறு ஊட்டப் போறேன், பிள்ளைக்குத்தானே!' அவளுக்கு முடியாதபோது பக்கத்து வீட்டில் தூங்கினான், மாமா வீட்டில் சாப்பிட்டான். வளர்த்தது பெரியம்மாதான் என்றாலும், அவள் மட்டும் அல்ல. இந்த 'மட்டும் அல்ல' என்பதற்கு ஆவணம் கிடையாது.

5

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் பெண் குழந்தையை உள்ளே விட்டது. மணமாகாதவளும் விதவையும் தங்கள் பேரிலேயே தத்தெடுக்கலாம் என்றது. மனைவிக்கு அந்த உரிமை வர 2010வரை ஆயிற்று. அப்போதும் கணவன் சம்மதத்தோடு. பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தையைக் காப்பாளர் மூலம் தத்துக் கொடுக்க வழி வந்தது 1962 திருத்தத்தில்தான். அபவித்தன் வீட்டுக்குள் வர அத்தனை நூற்றாண்டு பிடித்தது.

வயது விஷயத்தில் அந்தச் சட்டம் பழைய மரபின் பிள்ளை. ஆண் பெண்ணை எடுத்தால், பெண் ஆணை எடுத்தால், இருபத்தொரு வருஷ இடைவெளி வேண்டும் என்றது. குறைந்தபட்ச இடைவெளிதான், அதிகபட்சம் கிடையாது. எண்பது வயதுக்காரர் கைக்குழந்தையை எடுத்தாலும் இந்தச் சட்டம் தடுக்காது. உடலிச்சையைப் பற்றிப் பயந்த சட்டம், சாவைப் பற்றிப் பயப்படவில்லை. இந்து அல்லாதவர்களுக்கோ 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம்தான். கிறிஸ்தவரும் முஸ்லிமும் எத்தனை வருஷம் வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் காப்பாளர்களே. பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் அதுவும் முடிந்தது. எல்லா மதத்தவருக்கும் பொதுவாக 1972இல் கொண்டுவரப்பட்ட மசோதா 1978இல் திரும்பப் பெறப்பட்டது.

வெளிநாட்டுத் தத்துகளில் நடந்த முறைகேடுகள் பற்றி லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு உச்சநீதிமன்றம் 1984இல் நெறிமுறைகள் வகுத்தது. அதன் தொடர்ச்சியாக 1990இல் மத்திய தத்தெடுப்பு அமைப்பு உருவானது. 1992இல் தமிழகத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2000இன் இளைஞர் நீதிச் சட்டம், அதன் 2006 திருத்தம், மதம் எதுவானாலும் இச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்ற 2014 உச்சநீதிமன்றத் தீர்ப்பு, 2015இன் புதிய சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. பெரிய திருப்பம் இது. இறப்பவனுக்காக இருந்த தத்து, வாழப்போகிற குழந்தைக்காக என்று திரும்பியது. இந்தத் திருப்பத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஆனால் குழந்தையின் நலன் என்கிற சொல்லாடல் தனக்கான கணக்கு ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதன் பெயர் 'கூட்டு வயது'. கணவன் வயதையும் மனைவி வயதையும் கூட்டுகிறார்கள். 2017 விதிகளின்படி நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூட்டு வயது 90ஐத் தாண்டக் கூடாது. நான்கிலிருந்து எட்டுக்கு 100. எட்டுக்கு மேல் 110. தனி நபருக்கு முறையே 45, 50, 55. 2022 விதிகள் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85, தனி நபருக்கு 40 என்று இன்னும் இறுக்கின. குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வருஷ இடைவெளி வேண்டும்.

எங்கள் கூட்டு வயது 97. ஆக, எங்களுக்கு நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தை. மக்கள்தொகையை எண்களாக நிர்வகிக்கும் அதிகாரம் பற்றி ஃபூக்கோ எழுதியதை நண்பர்களோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறேன். நானும் என் மனைவியும் ஒரே எண்ணாக ஆக்கப்பட்டு ஒரு கட்டத்துக்குள் விழுந்தபோதுதான் அது என்னவென்று உடம்புக்குத் தெரிந்தது.

அந்த எண்ணுக்குப் பின்னால் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை பெற்றோரை இழந்த குழந்தை இருபது வயதுக்குள் இன்னொரு தடவை இழக்கக் கூடாது என்கிற கவலை உண்மையானது. சிக்கல் அந்த எண்ணின் கற்பிதத்தில் இருக்கிறது: வளர்ப்பது இரண்டே இரண்டு உடல்கள்; அவை தளர்ந்தால் எல்லாம் முடிந்தது. தனிக் குடும்பம் என்பது சில நூறு வருஷங்களுக்குள் திரண்ட ஒரு வடிவம் என்று ஃபிலிப் ஆரியே 1960இலேயே ஐரோப்பாவை வைத்துக் காட்டினார். அந்த வடிவத்தையே இயற்கை என்று எடுத்துக்கொண்டு போடப்பட்ட கூட்டல் இது.

அதே விதிகளில் இன்னொரு வரியைப் பாருங்கள். உறவினர் குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது. மூட்டு வலி உறவினருக்கும் வரும், மாரடைப்பு உறவினருக்கும் வரும். பிறகு ஏன் இந்த விலக்கு? இரத்தம் சாவைத் தள்ளிப்போடும் என்பதாலா? தனியாகத் தத்தெடுப்பவரிடம், தனக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரின் உறுதிமொழி கேட்கிறார்கள். அந்த ஒருவரும் உறவினராக இருக்க வேண்டும். நண்பர் போதாது. குழந்தையின் நலன் என்கிற புதிய பிரதிக்குள் பங்காளிகள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

6

எங்கள் மகள் 2019இல் வந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. நடுத்தர வர்க்கம் கைக்குழந்தைக்காக வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறது. இல்லங்களில் வளர்ந்த குழந்தைகள் தங்களைக் கேட்டு யாரும் வராமல் மேலும் வளர்கிறார்கள். விதி எங்களை அந்தக் குழந்தைகளின் பக்கம் தள்ளிவிட்டது. அதற்காக அந்த எண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்பது இதிலுள்ள முரண்.

ஆறு வயதுக் குழந்தை காலிப் பலகை அல்ல. அவளுக்கு ஒரு கடந்தகாலம் உண்டு, எங்களுக்கு அதில் இடம் இல்லை. முதல் மாதங்களில் தலையணைக்கு அடியில் சப்பாத்தியை ஒளித்து வைப்பாள். என் மனைவி அதை எடுக்கமாட்டாள். பக்கத்தில் ஒரு டப்பா வைத்தாள், தினமும் அதில் பிஸ்கட் போட்டு வைத்தாள். 'ஏங்க, தீரும்போது தீரட்டும்' என்றாள். எட்டு மாதம் ஆயிற்று தீர. இளம் பெற்றோருக்கு இந்தப் பொறுமை வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்னுக்கு வர வேண்டிய அவசரமெல்லாம் அடங்கிவிட்ட வயதில் அது கொஞ்சம் சுலபமாக வருகிறது. ஓட முடிவதில்லை. உட்கார முடிகிறது. பள்ளிக்கூட வாசலில் 'தாத்தா வந்திருக்காரு' என்று மற்றப் பிள்ளைகள் சொல்லும்போது அவள், 'அப்பா. வயசான அப்பா' என்று திருத்துகிறாள். அந்த அடைமொழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் ராத்திரி கேட்டாள்: 'நீங்க ரெண்டு பேரும் செத்துப்போனா நான் திரும்ப அங்க போகணுமா?' பெற்ற பிள்ளைகளும் இதைக் கேட்பார்கள், வேறு மாதிரி. 'அங்க' என்று ஓர் இடம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது. மரணத்தைப் பற்றிய தத்துவங்கள் எதுவும் இந்தக் கேள்விக்கு உதவாது. பதில் ஆட்களாக இருக்க வேண்டும், பேர்களாக இருக்க வேண்டும்.

ஆகவே பேர்களைச் சொன்னோம். 1956ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தில், மைனர் காப்பாளர் சட்டத்தில், உயில் மூலம் காப்பாளரை நியமிக்க இடம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். ஒன்று என் மனைவியின் தங்கை வீடு, இன்னொன்று எனது நண்பர் வீடு. இரத்த சம்பந்தம் கிடையாது, சாதியும் வேறு. உயிலில் எழுதியதைவிட முக்கியமானது, அவர்கள் இப்போதிலிருந்தே வளர்க்கிறார்கள் என்பது. சனிக்கிழமை ஒரு வீட்டில், பரீட்சை லீவில் இன்னொரு வீட்டில். அவளுக்கு அந்த வீடுகளில் பல்துலக்கும் பிரஷ் இருக்கிறது, திட்டு இருக்கிறது, சண்டை இருக்கிறது. நாங்கள் செத்த பிறகு தொடங்குகிற ஏற்பாடு அல்ல அது. பெரியம்மாவின் பையனுக்குத் தெருவில் தானாகக் கிடைத்ததை நாங்கள் நகரத்தில் வேலை மெனக்கெட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது. தெருவில் கிடைத்தது சாதிக்குள் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. எனவே பழையதைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி அல்ல இந்தப் பேச்சு.

2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்தபிறகு, தத்து ஆணையில் கையெழுத்துப் போடுகிறவர் நீதிபதி அல்லர், மாவட்ட ஆட்சியர். 1868இல் ஒரு பிள்ளையின் தத்து செல்லாது என்று லண்டன்வரை போய் வாதாடிய கலெக்டர், இன்று பிள்ளைகளின் தத்து செல்லும் என்று ஆணையிடுகிறார். வரலாற்றுக்கு இப்படியெல்லாம் குறும்பு உண்டு. அந்த ஆணையில் கொடுக்கும் அமைப்பின் பேர் இருக்கும், எடுக்கிறவர்களின் பேர் இருக்கும். தத்து, சுவீகாரம் என்கிற பழைய இரண்டு சொற்களுக்கும் இன்னமும் இடம் இருக்கிறது.

கூட்டு வயதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரின் வயதைக் கூட்டுவதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். விண்ணப்பிக்கும் எல்லோரிடமும், முப்பது வயதுக்காரரிடமும்கூட, 'உங்களோடு சேர்ந்து இந்தக் குழந்தையை வளர்க்கப்போகிறவர்கள் யார்?' என்று கேளுங்கள். விபத்துக்கும் வியாதிக்கும் வயது வரம்பு கிடையாது. அந்த நாலைந்து பேர் உறவினரா, சிநேகிதரா, பக்கத்து வீட்டுக்காரரா என்பது இருக்கட்டும். அவர்கள் வந்து பிள்ளையைப் பார்த்து, பிள்ளையும் அவர்களைப் பார்த்து, கையெழுத்துப் போடட்டும். சேதுபதி வழக்கில் ஜமீனுக்காகக் கேட்கப்பட்ட சம்மதம் இந்த இடத்தில் கேட்கப்பட்டால் அதன் அர்த்தமே வேறாகிவிடும். சாகப்போகிறவனுக்காகத் தத்து என்பது பழைய பிரதி. சாகாதவர்கள் மட்டும் தத்தெடுக்கலாம் என்பது புதிய பிரதி. சாகப்போகிற பலர் சேர்ந்து ஒரு பிள்ளையை ஆளாக்குவது என்பதை இனிமேல்தான் எழுத வேண்டும். அதற்கான வினைச்சொல் நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது.